4294967297-ஐக் கையாலேயே உடைப்பது எப்படி?

3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1 என்று அடுக்கு இரட்டிப்பாகிக்கொண்டே போகும் இந்த வரிசையில் அடுத்து வரும் 2³² + 1, அதாவது 4294967297-உம் பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணித மேதை ஆய்லர் அதைக் காரணிகளாக உடைத்துக் காட்டினார். ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நாமும் உடைக்கலாம்.

நேர்வழியில் போனால் 65536 வரை 6542 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ‘ப’ என்ற பகா எண் இதை வகுத்தால், ப-ஆல் வகுக்கையில் 2³²-இன் மீதி −1 (அதாவது ப − 1). ஆகவே 2⁶⁴-இன் மீதி 1. 64-க்குக் கீழே எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றத்தோடு (2-ஐ ப − 1 அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1) இதைச் சேர்த்தால், ப − 1 என்பது 64-இன் மடங்கு. பின்னாளில் லூக்காஸ் என்ற கணிதர் இன்னும் இறுக்கினார்: அது 128-இன் மடங்கு.

128-இன் மடங்குகளோடு 1 கூட்டுங்கள்: 129, 257, 385, 513, 641. இவற்றில் பகா எண்கள் 257, 641 மட்டுமே.

257: 2⁸ = 256, மீதி −1. எனவே 2¹⁶, 2³² இரண்டுக்கும் மீதி 1. நம் எண்ணுக்கு 2. வகுபடாது.

641: 2¹⁶ = 65536; இதில் 641 × 102 = 65382 போக மீதி 154. 154² = 23716; 641 × 36 = 23076 போக மீதி 640, அதாவது −1. வகுபட்டுவிட்டது! பத்திலக்க எண்ணை நீள்வகுத்தல் செய்வதைவிட, இப்படி மீதியை வர்க்கப்படுத்திக்கொண்டே போவதில் பிழை குறைவு.

ஈவு 6700417. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஈவு பகா எண்தானா என்றும் பார்க்க வேண்டும். இதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். இதன் காரணிகளும் அதே வடிவில்தான் இருக்கும் என்பதால் 257, 641, 769, 1153, 1409 ஐந்தே போதும். 257 ஏற்கெனவே விலகிவிட்டது. மற்றவற்றுக்கு மீதி முறையே 44, 120, 334, 622. பகா எண்ணேதான்.

காரணிகள் கையில் வந்தபின் மற்றவை எளிது. வகுத்திகள் 4; அவற்றின் கூடுதல் 642 × 6700418 = 4301668356. ஆய்லர் சார்பின் (இந்த எண்ணோடு 1 தவிரப் பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்பதன்) மதிப்பு 640 × 6700416 = 4288266240. இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதத்தில் எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². ஒரு பகா எண்ணை ஒரே விதத்தில்தான் அப்படி எழுத முடியும். ஆகவே இந்த இரண்டாவது விதமே, இது பகா எண் அல்ல என்பதற்குத் தனி நிரூபணம்.

தவறும் இடங்கள் மூன்று. குறியில்லாத (unsigned) 32 பிட் முழு எண்ணில் அடங்கும் உச்சம் 4294967295. நிரலில் அந்த வகையைப் போட்டால் நம் எண் சத்தமில்லாமல் 1 ஆகிவிடும். 64 பிட் எடுங்கள். வர்க்கமூலத்திலிருந்து மேலேறி, இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிப் பார்க்கும் ஃபெர்மாவின் முறையும் இங்கே வீண்: காரணிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருப்பதால் 32 லட்சத்துக்கும் மேல் படிகள் ஆகும். மூன்றாவது, அடிமானம் 2 வைத்து ஃபெர்மா சோதனை (அடிமானத்தை, எண்ணைவிட 1 குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) செய்தால் இந்த எண் பகா எண் போலவே தேறிவிடும். அடிமானம் 3 வைத்துப் பாருங்கள், மாட்டிக்கொள்ளும்.