குரூடு இறங்கினால் டீசல் இறங்கும் என்று வாடகை பேசாதீர்கள்

2025 மே மாதம் அக்கா மகன் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தான். புதிதாக இரண்டு டாரஸ் லாரி எடுத்திருக்கிறான். ஒரு ஆலைக்கு ஓராண்டுக்கு லோடு அடிக்க வாடகை எழுதிக் கொடுக்க வேண்டும். தாளில் டீசல் லிட்டர் 85 ரூபாய் என்று போட்டிருந்தான். நாமக்கல்லில் அன்றைக்கு விலை 92 ரூபாய்க்கு மேல். எங்கிருந்து வந்தது இந்த 85 என்று கேட்டேன்.

"குரூடு அறுபது டாலர் பக்கம் வந்துருச்சுங்க மாமா. டீசல் இறங்கித்தானே ஆகோணும்?"

குரூடு என்று அவன் சொன்னது கச்சா எண்ணெயை. இருபது வருடத்துக்கு மேல் லாரி வைத்திருக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் எல்லோரும் இதே கணக்கோடுதான் வருகிறார்கள். நானும் அப்படி வாடகை எழுதிக் கொடுத்துப் பெரும் பணத்தை இழந்தவன். ஓவர்லோடு ஏற்றாதே, டீசல் பில்லைப் பத்திரமாக வை என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலைக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

டாலர் விலையை மட்டும் பார்ப்பது

செய்தியில் வருவது பீப்பாய் விலை, அதுவும் டாலரில். நாம் டீசல் போடுவது லிட்டரில், கொடுப்பது ரூபாய். ஒரு பீப்பாய் 159 லிட்டர். 2014 ஜூனில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 109 டாலர். அப்போது டாலர் 60 ரூபாய். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 41 ரூபாய். 2025 மே மாதம் பீப்பாய் சுமார் 64 டாலர், டாலர் 85 ரூபாய். லிட்டருக்கு 34 ரூபாய். டாலரில் பார்த்தால் விலை நாற்பது சதவீதத்துக்கு மேல் சரிந்திருக்கிறது. ரூபாயில் குறைந்தது லிட்டருக்கு ஏழே ரூபாய். அந்த ஏழு ரூபாயும் நம் கைக்கு வரவில்லை. அது போன இடத்தைக் கீழே சொல்கிறேன்.

குரூடும் டீசலும் ஒன்று என்று நினைப்பது

சுத்திகரிப்பு ஆலை டீசலுக்குப் போடும் விலை, கச்சா எண்ணெய் வாங்கிய விலையோடு கூலியைச் சேர்த்துப் போடுவது கிடையாது. அதே டீசலை இறக்குமதி செய்தால் என்ன ஆகும், ஏற்றுமதி செய்தால் என்ன கிடைக்கும் என்று பார்த்து, முதலாவதுக்கு 80 பங்கு, இரண்டாவதுக்கு 20 பங்கு என்று கலந்து போடும் விலை. 2022இல் உக்ரைன் போர் வந்ததும் உலகச் சந்தையில் டீசலுக்குத் தட்டுப்பாடு. குரூடு ஏறியதைவிட டீசல் வேகமாக ஏறியது. ரஷ்யாவிலிருந்து தள்ளுபடியில் வந்த எண்ணெய் ஏன் பங்க்கில் தெரியவில்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. மலிவாக வாங்கிய லாபம் ஆலையோடு நின்றுவிடும்.

வரியை மறந்துவிட்டு ஒப்பந்தம் போடுவது

2020 ஏப்ரல். ஊரடங்கு. என் நான்கு லாரியும் வீட்டுக்குப் பின்னால் காட்டில் வரிசையாக நின்றன. ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் குரூடு பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது. டிவியில் நாள் முழுக்க அதுதான் ஓடியது. அந்த வாரமே ஒரு ஆலையிலிருந்து போன் வந்தது. மூன்று லாரி, ஒரு வருடத்துக்கு ஒரே வாடகை.

சென்னையில் டீசல் 65.71. எண்ணெயை ஊற்றி வைக்க இடமில்லாமல் உலகமே திண்டாடும்போது இன்னும் ஐந்து ரூபாயாவது இறங்காதா என்று எனக்கு ஒரு நம்பிக்கை. 60 ரூபாய் என்று வைத்து வாடகை எழுதினேன். டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்று ஒரு ஷரத்து இருந்தது. அதை ஆலைக்காரர்கள் பேனாவால் அடித்துக் கொடுத்தார்கள். பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு முன்பே, மார்ச் 14ஆம் தேதி, மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் கூட்டியிருந்தது. குரூடு இறங்கியதில் நமக்குக் குறைய வேண்டிய பணத்தை வரி எடுத்துக்கொண்டதால் பங்க்கில் விலை ஏறவில்லை. அதனால் நான் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. மே 3ஆம் தேதி தமிழக அரசு டீசல் மீதான வாட் வரியை மாற்றியது. 25 சதவீதம் என்று இருந்தது, 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 9.62 ரூபாயும் என்று ஆனது. சென்னையில் டீசல் 68.22 ஆனது. மே 5ஆம் தேதி இரவு மத்திய அரசு மறுபடியும் கூட்டியது. பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய்.

மறுநாள் காலையில் பயந்துகொண்டே பங்க்குக்குப் போனேன். மீட்டரில் அதே விலை. நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்தேன். மார்ச் தொடக்கத்தில் 15.83 ரூபாயாக இருந்த டீசல் கலால் வரி அன்றைக்கு 31.83 ரூபாய் ஆகியிருந்தது. எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய இறக்கம் மொத்தமும் அந்தப் பதினாறு ரூபாயில் போய்விட்டது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜூன் 7ஆம் தேதி முதல் விலை தினமும் ஏற ஆரம்பித்தது. ஐம்பது பைசா, அறுபது பைசா என்று ஏறி, மாதம் முடிவதற்குள் சென்னையில் 77ஐத் தாண்டியது. குரூடு அப்போதும் 40 டாலர் பக்கம்தான். 2021 பிப்ரவரி கடைசியில் 86ம் தாண்டியது. ஒரு லாரி மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 4 கொடுக்கும். ஆக மாதம் 2,000 லிட்டர். 60 என்று எழுதியவனுக்கு 77 ஆனபோது லாரிக்கு 34,000 ரூபாய் கைநட்டம். 86 ஆனபோது 52,000. இதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஜனவரியில் நான்காவது லாரியை விற்றுத்தான் மற்ற மூன்றுக்கும் தவணை கட்டினேன். அதன் முன்கண்ணாடியில் என் மகள் பெயர் எழுதியிருந்தது. வாங்கியவர் என் கண்ணெதிரே பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தார்.

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருவது ஒன்று உண்டு. இது எனக்குப் புதிதே இல்லை. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் நடுவில் ஒன்பது முறை கலால் வரியைக் கூட்டினார்கள். டீசலுக்கு 3.56 ரூபாயாக இருந்தது 17.33 ஆனது. அதே காலத்தில் குரூடு 30 டாலருக்கும் கீழே வந்தது. அந்த இரண்டு வருடமும் நான் லாரி ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிற்பது. குரூடு இறங்கினால் தானாக இறங்காது. குரூடு இறங்கும் நேரத்தில் கூட்டினால் பங்க்கில் விலை அசையாது, யாருக்கும் கோபமும் வராது. அப்புறம் குரூடு ஏறும்போது ஏற்றம் மட்டும் நம்மிடம் வரும். 2020இல் கூட்டியதில் 10 ரூபாய் குறைய 2021 நவம்பர் வரை ஆனது. இன்னொரு 6 ரூபாய் 2022 மே மாதம் குறைந்தது.

2025 ஏப்ரல் 8ஆம் தேதியும் இதேதான். குரூடு சரிந்துகொண்டிருந்தது, கலால் வரி 2 ரூபாய் கூடி டீசலுக்கு 17.80 ஆனது. மருமகனிடம் இதைச் சொன்னபோது, "அன்னிக்கு விலை ஏறவே இல்லைங்களே மாமா" என்றான். "ஏறல சாமி. இறங்க வேண்டியது இறங்கல" என்றேன். மேலே சொன்ன ஏழு ரூபாய் இப்படித்தான் போனது. 3.56க்கும் 17.80க்கும் உள்ள வித்தியாசமே 14 ரூபாய்.

தினமும் விலை மாறும் என்று காத்திருப்பது

2017 ஜூன் 16 முதல் தினசரி விலை என்பது உண்மை. ஆனால் 2022 ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பிறகு எண்ணெய் நிறுவனங்கள் விலையைப் பல மாதம் தொடாமல் வைத்திருந்தன. குரூடு 100 டாலருக்கு மேல் இருந்தபோது நஷ்டத்துக்கு விற்றோம், அதை ஈடுகட்டுகிறோம் என்றார்கள். சரி, நியாயம்தான். ஆனால் 2023-24இல் மூன்று அரசு நிறுவனங்களும் சேர்ந்து 80,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் காட்டின. நஷ்டத்தை எடுத்த பிறகும் விலையை அப்படியே வைத்திருந்தது லாரிக்காரன் வயிற்றில் அடித்த மாதிரிதான். கடைசியில் 2 ரூபாய் குறைந்தது 2024 மார்ச் 15ஆம் தேதி. மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள்.

பங்க் ஓனரிடம் சண்டை போடுவது

விலை அவர் கையில் இல்லை.

ஜிஎஸ்டியில் சேர்த்துவிடுவார்கள் என்று நம்புவது

2017 முதல் பேசுகிறார்கள். வந்த பிறகு கணக்கில் எடுங்கள்.

ஷரத்தை அடித்துக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவது

மருமகன் தாளில் 85ஐ அடித்துவிட்டு, சட்டைப்பையில் இருந்த அன்றைய பில்லைப் பார்த்து அந்த விலையை எழுதினோம். அதன் கீழே எந்த ஊர்ப் பங்க் விலை, எந்தத் தேதி விலை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை எழுதினோம். டீசல் ஒரு ரூபாய் ஏறினாலோ இறங்கினாலோ கிலோமீட்டருக்கு 25 பைசா வாடகை மாறும் என்று சேர்த்தோம். குரூடு என்ற சொல்லே தாளில் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாடகையைத் திருத்த வேண்டும் என்று கேட்டோம். ஆலைக்காரர்கள் ஒரு வாரம் இழுத்தடித்து, மாதம் ஒருமுறை என்பதற்கு ஒத்துக்கொண்டார்கள்.