கொழும்பில் புதிதாகக் குடியேறியவர் நண்பர்களைத் தேடிக்கொள்வது எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ முப்பது வயதைக் கடந்தபின் வேலைக்காகக் கொழும்புக்கு வருபவருக்கு, வாடகைக்கு ஓர் அறை தேடுவதைவிட ஞாயிறு மாலையில் உடன்வர ஓராளைத் தேடுவதே கடினமாக இருக்கிறது. பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் அதே முகங்களை நாள்தோறும் கண்டதனால் நட்பு தானாகவே வளர்ந்தது. அந்த ஏற்பாட்டை இப்போது நாமே செய்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹோல் 2018 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. அண்மையில் வேறு ஊருக்குக் குடிபோன 355 பேரையும் பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்களையும் விசாரித்த அவர், அறிமுகமானவர் ஓரளவு நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணித்தியாலங்களும், நண்பர் என்று சொல்லத்தக்கவராவதற்கு 90 மணித்தியாலங்களும், நெருங்கிய நண்பராவதற்கு 200க்கு மேற்பட்ட மணித்தியாலங்களும் தேவைப்படுவதாகக் கணித்தார். தொழிலிடத்தில் சேர்ந்து வேலைசெய்த நேரம் இதில் அதிகம் உதவவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஒருவரோடு கழித்தால், முதற்படியை எட்டுவதற்கே அரையாண்டு ஆகும். ஆகவே ஐந்து இடங்களுக்கு ஒவ்வொரு முறை போவது வீண். ஓரிடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

எந்த இடம்? குறித்த நாளில் கூடுவதாகவும், வருபவர்கள் பெரும்பாலும் மாறாதவர்களாகவும், கைக்கு ஏதாவது வேலை தருவதாகவும் இருந்தால் நல்லது. 1942 முதல் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இருக்கிறது. அதன் நூலகத்துக்கு ஒழுங்காகச் செல்லலாம். நூல் வெளியீடுகளைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை: எல்லோரும் மேடையைப் பார்த்தபடி இரண்டு மணித்தியாலம் அமர்ந்துவிட்டு, பேருந்தைப் பிடிக்க விரைகிறார்கள். போவதானால் கதிரை அடுக்குவதற்கு முன்கூட்டியே போய், தேநீர் முடியும்வரை நில்லுங்கள். மயூராபதி அம்மன் ஆலயத்தில் வணங்கிவிட்டுத் திரும்புபவருக்கு அறிமுகங்கள் கிடைப்பதில்லை. ஏதேனும் ஓர் ஆலயத்தில் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்குபவருக்குக் கிடைக்கின்றன. மரைன் டிரைவிலோ சுதந்திர சதுக்கத்திலோ ஒரே நேரத்தில் நடப்பவர்கள், சில கிழமைகளில் தலையசைக்கத் தொடங்குவார்கள்.

உங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொழும்புக் கிளை இருந்தால் அதுவும் உதவும். அங்கே முதற்கேள்வி “நீங்கள் எந்த இடம்?” என்பதாகவே இருக்கும். பேச்சைத் தொடங்க அது வசதியானது. ஆனால் யார் யாருக்கு உறவு என்று அது நீளத் தொடங்கினால், விடுமுறையில் என்ன செய்கிறீர்கள் என்று மெல்லக் கேட்டு வழிமாற்றுங்கள். சிங்கள நண்பர்களையும் விரும்புபவர், அலுவலகச் சிங்களத்தோடு நின்றுவிடாமல் பகிடி புரியும் அளவுக்கேனும் பேச்சுச் சிங்களம் பழக வேண்டும்.

பெரும்பாலான அறிமுகங்கள் அடுத்த படியில்தான் தேங்கிப்போகின்றன. சந்தித்த இடத்துக்கு வெளியே ஒருவரை அழைக்க நாம் கூச்சப்படுகிறோம். “ஒருநாள் சந்திப்போம்” என்று சொல்லிவிட்டு அதையே அழைப்பாக எண்ணிக்கொள்கிறோம். நாளும் நேரமும் இடமும் சேர்த்துச் சொல்லுங்கள்: “சனிக்கிழமை ஐந்து மணிக்குக் காலிமுகத்திடலுக்குப் போகிறேன், இறால் வடை சாப்பிடலாம், வருகிறீர்களா?” மறுப்பவருக்கும் இது எளிது. மாதந்தோறும் வரும் போயா விடுமுறை இதற்கு ஏற்றது. எனினும் அது வார இறுதியோடு சேர்ந்து வந்தால் பலர் முதல்நாள் இரவே ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள் என்பதால், அந்த மறுப்பைப் பெரிதாக எடுக்க வேண்டாம். விடுதியில் தங்கும் பெண்களுக்கு வாயில் மூடும் நேரம் தடையாகலாம். அவர்களைக் காலை உணவுக்கு அழைக்கலாம்.

ஒருவரை மட்டும் நம்பியிருக்காமல் இரண்டு மூன்று பேருடன் இவ்வாறு பழகி, இயலுமானால் அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வையுங்கள். கொழும்பில் வசிக்கும் நம்மவர் பலர் கனடாவுக்கோ லண்டனுக்கோ விசா வரும்வரை இங்கே தங்கியிருப்பவர்கள். அவர்களில் ஒருவர் புறப்பட்டுப் போனாலும், மற்றவர்களோடு சேர்ந்து கழிக்கும் சனிக்கிழமை நின்றுபோகாது.