பாலர் பருவத்தில் முதல் குழு விளையாட்டு: பெற்றோர் செய்யக்கூடியவை

நான்கு வயதுப் பிள்ளையைக் காற்பந்து வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் பலர், முதல் நாளிலேயே பிள்ளை பந்தை எப்படி உதைக்கிறது என்றுதான் கவனிக்கிறார்கள். தன் முறை வரும்வரை வரிசையில் நிற்கிறதா, வீட்டார் அல்லாத ஒரு பெரியவரின் சொல்லைக் கேட்கிறதா, பந்து இன்னொருவரிடம் போய்விட்டால் அதைத் தாங்கிக்கொள்கிறதா என்பவைதாம் இந்த வயதில் கவனிக்க வேண்டியவை. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் பாலர் கல்விக் கட்டமைப்பிலும் மொழி, எண்ணறிவு ஆகியவற்றோடு உடலியக்கத் திறன்களும் சமூக, உணர்வு வளர்ச்சியும் கற்றல் துறைகளாக இடம்பெற்றுள்ளன.

மூன்று வயதில் பிள்ளைகள் மற்றவர்களைக் கண்டு அவர்களோடு விளையாடச் சேர்ந்துகொள்ளத் தொடங்குவார்கள். ஆனாலும் பந்தைப் பகிர்வது அவர்களுக்குப் பெரும் இழப்பாகவே தோன்றும். நான்கு வயதில் பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடுவார்கள். ஐந்து வயதில் ஒற்றைக் காலில் நொண்டியடிக்கவும், பத்துவரை எண்ணவும், விளையாட்டின் விதிக்குக் கட்டுப்பட்டு முறை மாற்றி ஆடவும் பலருக்கு இயலும். ஆகவே பிள்ளைக்கு நான்கு வயதாகும் நர்சரி இரண்டாம் ஆண்டின் பிற்பாதியே தொடங்குவதற்கு ஏற்ற காலம் என்பது என் கருத்து. இவற்றில் ஏதேனும் வெகுவாகப் பிந்துவதாகத் தோன்றினால், வகுப்பைப் பற்றி யோசிக்குமுன் பிள்ளையின் சுகாதாரக் கையேட்டை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஒரு பிள்ளையின் காலில் பந்து எவ்வளவு நேரம் இருக்கும்? இருபது பிள்ளைகள் ஒரே பந்துக்காக வரிசையில் நிற்கும் வகுப்பைவிட, ஆளுக்கொரு பந்து கொடுத்து, இறுதியில் மூவருக்கு மூவராக ஆடவிடும் வகுப்பே மேல். முக்கால் மணி நேரம் போதும். பந்து, சிறு பிள்ளைகளுக்கான மூன்றாம் அளவாக இருக்கட்டும். கெட்டித் தரையில் ஆடுவதென்றால் முள் பதித்த காலணி வேண்டாம். சாதாரண விளையாட்டுக் காலணியே பாதுகாப்பானது.

சேருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே வீட்டாருடன் பந்து விளையாடிப் பழகத் தொடங்குவது நல்லது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்பு பல இடங்களில் இருப்பதால், அருகிலுள்ள திறந்த விளையாட்டுத் திடலையோ பூங்காவின் புல்வெளியையோ நாடுங்கள். தாத்தா, அக்கா, அப்பா என எல்லாரும் வட்டமாக நின்று, யாருக்குத் தருகிறோமோ அவரை உறவு சொல்லி அழைத்தபின் பந்தை உருட்ட வேண்டும். எத்தனை முறை பந்து கைமாறியது என்பதைத் தமிழிலேயே எண்ணுங்கள். “வலது காலால் தட்டு”, “எனக்குப் பின்னால் ஓடு”, “இது என் முறை, அடுத்தது உன் முறை” என்ற சொற்கள் ஓடும்போதும் நிற்கும்போதும் காதில் விழுந்தால், படம் பார்த்துக் கற்பதைவிட ஆழமாகப் பதிகின்றன. வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்ப் பாட நேரத்துக்கு மட்டும் உரிய மொழியாகப் பிள்ளை தமிழை நினைத்துவிடாதிருக்க, இந்த விளையாட்டு வேளை நமக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் மகன் முதல் மூன்று வாரமும் கோட்டுக்கு வெளியே என் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். தள்ளிவிடவேண்டும் என்று மனம் துடித்தது, பயிற்றுவிப்பாளர் தடுத்தார். நான்காம் வாரம், தரையில் வைத்திருந்த கூம்புகளை எடுத்து அடுக்கும் வேலையை அவனிடம் தந்தார். அந்த வேலைக்காக உள்ளே போனவன் பிறகு வெளியே வரவில்லை. உங்கள் பிள்ளையும் அப்படி ஒட்டிக்கொண்டால், பக்கத்தில் அமைதியாக இருந்து பார்க்கவிடுங்கள், பார்ப்பதும் கற்றல்தான். ஆட்டம் தொடங்கியபின் ஓரத்திலிருந்து கட்டளையிட வேண்டாம், ஏனெனில் இரண்டு குரல்களில் எதைக் கேட்பது என்று அந்த வயதுக்குத் தெரியாது.

நம் ஊர் வெயிலுக்குக் காலை பத்து மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு நடக்கும் வகுப்பே ஏற்றது. இடிச்சத்தம் கேட்டவுடன் திடலைவிட்டுக் கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். புகைமூட்ட நாள்களில் வகுப்பைத் தவிர்ப்பதே நன்று.

வாரத்துக்கு ஒரு வகுப்பு மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடம் சற்றே மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும், திரைமுன் அமரும் நேரம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. பாலர் பள்ளிக்கு நடந்து செல்வதும் அந்தக் கணக்கில் சேரும்.

வீடு திரும்பும் வழியில், “எத்தனை கோல் போட்டாய்?” என்பதற்குப் பதிலாக, “யாருக்குப் பந்து கொடுத்தாய்?” என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் பதில் வந்தால் கண்டிக்காமல், அதையே தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லிக் காட்டுங்கள். இரண்டு மூன்று மாதமாகியும் வகுப்பு நாளன்று காலையிலேயே அழுகை தொடங்கினால், தயங்காமல் நிறுத்திவிட்டு அரை ஆண்டு கழித்து மீண்டும் முயன்று பாருங்கள். நான்கு வயதில் மறுத்த பிள்ளை ஐந்து வயதில் தானே பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பதும் உண்டு.