திருநெல்வேலியிலிருந்து ஐஇஎல்டிஎஸ்: முதல்முறை எழுதுகிறவர்களுக்கு

வெளிநாட்டில் மேற்படிப்பு என்று வீட்டில் முடிவானதுமே, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் பாளையங்கோட்டையில் எந்த கோச்சிங் சென்டர் நல்லது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். பணம் கட்டுவது கொஞ்சம் பொறுக்கட்டும். அதற்கு முன்னால் வேறு வேலை இருக்கிறது.

படி 1: எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?

சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உங்கள் பாடப்பிரிவின் பக்கத்தைத் திறங்கள். ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ ஆகிய ஆங்கிலத் தேர்வுகளில் எதை ஏற்கிறார்கள் என்பது அங்கே இருக்கும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ‘எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது’ என்பதுபோல ஒரு வரி பல இடங்களில் உண்டு. கேட்டல் 7, வாசித்தல் 7, எழுதுதல் 5.5, பேசுதல் 6.5 என்று வாங்கினால் சராசரி 6.5 வந்துவிடும். ஆனால் அந்த 5.5 இடிக்கும்.

இனி ஐஇஎல்டிஎஸ்ஸை வைத்தே சொல்கிறேன். பல்கலைக்கழகப் படிப்புக்கு ‘அகாடமிக்’ பிரிவு. பதிவு செய்யும்போது ‘ஜெனரல் டிரெயினிங்’கை அழுத்திவிட வேண்டாம்.

படி 2: பாஸ்போர்ட்

இந்தியர்களுக்கு இங்கே அடையாள ஆவணம் பாஸ்போர்ட்தான்; ஆதார் செல்லாது. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருப்பதால் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்பா பெயராக விரித்து எழுதியிருந்தால், தேர்வுப் பதிவிலும் அப்படியே இருக்கட்டும்.

படி 3: கேட்டல், வாசித்தல்

இரண்டிலும் 40 கேள்விகள். கேட்டல் சுமார் 30 நிமிடம், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். வாசித்தல் 60 நிமிடம். ‘இரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம்’ என்று கேட்ட இடத்தில் மூன்று எழுதினால், விஷயம் சரியாக இருந்தாலும் மதிப்பெண் போச்சு. எழுத்துப்பிழைக்கும் அதே கதிதான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள்.

படி 4: எழுதுதல்

60 நிமிடத்தில் இரண்டு: வரைபடத்தையோ அட்டவணையையோ விவரித்துக் குறைந்தது 150 சொற்கள், அப்புறம் குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. கட்டுரைக்கு மதிப்பு இரு மடங்கு. அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள்.

படி 5: பேசுதல்

நம் பக்கத்துப் பிள்ளைகள் பயப்படுவது இதற்குத்தான். 11 முதல் 14 நிமிட உரையாடல். நடுவில் ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும்.

‘தண்ணீருக்கு அருகே உள்ள ஓர் இடம்’ என்று அட்டை வந்தால் நயாகராவைத் தேடிப் போகாதீர்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சொல்லுங்கள். தாமிரபரணிக்குள்ளேயே கோயில், வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும், உற்சவரை முன்பே மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தண்ணீர் வடிந்ததும் மறுபடி பூஜை நடக்கும். இரண்டு நிமிடம் போதாது! தெரிந்த இடமாக இருந்தால் அடுத்த வாக்கியம் தானாக வரும். மனப்பாடம் செய்த பதில் பாதியில் நின்றுவிடும், தேர்வாளரும் கண்டுபிடித்துவிடுவார்.

வெள்ளைக்காரர் உச்சரிப்பு தேவையில்லை, தெளிவு போதும். ஆனால் ‘ஐ ஆம் கோயிங் டெய்லி’ என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். ‘ஐ கோ டெய்லி’ போதும். தினமும் ஒரு தலைப்பைப் பேசிக் கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள்.

படி 6: தேதி

மதிப்பெண் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். அதனால் கல்லூரி முதலாம் ஆண்டிலேயே எழுதி வைப்பதில் பயனில்லை. ஒரே பகுதியில் மட்டும் குறைந்தால், கணினியில் எழுதியவர்கள் அதை மட்டும் மறுபடி எழுத வழி இருக்கிறது. எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை. கட்டணம் கட்டும் முன் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.