பதினெட்டு அடிப் படகுக்கு எத்தனை குதிரைவலு? வெளியிணைப்பு இயந்திரத்தைத் தெரிவு செய்யும் முறை

புதிதாகக் கடற்றொழிலுக்கு வரும் ஒருவர், படகின் பின்பக்கப் பலகையில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரம் வாங்கப் புறப்படும்போது, பக்கத்துப் படகில் என்ன பூட்டியிருக்கிறது என்று பார்த்து அதையே வாங்குவதுதான் வழக்கம். பக்கத்துப் படகுக்காரர் கடனீரேரியில் நண்டு வலை விடுபவராகவும் இவர் வெளிக்கடலுக்குப் போகிறவராகவும் இருந்தால், ஒரே நீளமுள்ள இரு படகுகளுக்கும் ஒரே இயந்திரம் பொருந்தாது. வட இலங்கையில் பரவலாகக் காணப்படும் 18 அடிக் கண்ணாடியிழைப் படகை எடுத்துக்கொண்டு, தாளும் பேனாவும் இருந்தால் எவரும் செய்யக்கூடிய கணக்கொன்றை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: எடையைக் கூட்டுங்கள்

இயந்திரம் தள்ளப்போவது படகின் நீளத்தை அல்ல, அதன் மொத்த எடையை. ஆகவே கரையில் நிற்கும் வெறும் படகை மறந்துவிட்டு, மீன் பிடித்துத் திரும்பும் நேரத்துப் படகை நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, வெறும் படகு 350 கிலோ, ஆட்கள் இருவர் 140, நனைந்த வலை 150, ஐஸும் பெட்டியும் 60, மீன் 100, இயந்திரம் 40, நங்கூரமும் கயிறும் 25, எரிபொருள் 40 லீற்றர் என்றால் ஏறத்தாழ 32 கிலோ. எல்லாம் சேர்ந்து 900 கிலோவுக்கு ஒட்டி வரும். உங்கள் படகின் எடை வேறாக இருக்கலாம். படகு கட்டிய இடத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் பெரும்பாலோர் தவறவிடுவது நனைந்த வலையின் எடையைத்தான். உலர்ந்த வலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கணக்கில் சேர்த்தால் விடை பிழைத்துவிடும்.

இரண்டாம் படி: நீரை விலக்கி ஓடுவதா, நீர்மேல் எழுந்து ஓடுவதா

முழுக் கணக்கும் தங்கியிருப்பது இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீரை விலக்கிக்கொண்டு போகும் எந்தப் படகும் முன்னால் ஓர் அலையையும் பின்னால் ஓர் அலையையும் எழுப்பும். வேகம் கூடக்கூட அந்த இரண்டு அலைகளுக்கும் இடையிலான தூரம் நீண்டு, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் போக முயன்றால் படகின் பின்பக்கம் பள்ளத்தில் இறங்க, முன்பக்கம் தன் அலையின் மேல் ஏற, படகு தானே கிளப்பிய மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த எல்லையைக் கணிக்க எளிய வாய்பாடு ஒன்று உண்டு: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது கிடைக்கும். 18 அடிப் படகு நீர்மட்டத்தில் 16 அடி இருந்தால், 16 இன் வர்க்கமூலம் 4, விடை 5.36. அதாவது மணிக்கு 10 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

இந்த வேகத்துக்குள் ஓடுவதற்கு மிகக் குறைந்த வலு போதும். ஒரு தொன் எடைக்கு 4 அல்லது 5 குதிரைவலு என்பது நடைமுறைக் கணக்கு. நம் 900 கிலோ படகுக்கு அது 5 குதிரைவலுவுக்குள் அடங்கும். எதிர்காற்றுக்கும் அலைக்கும் ஒதுக்கீடு வைத்து, இயந்திரத்தை எப்போதும் முழு வேகத்தில் முடுக்காமல் முக்கால் பங்கில் ஓட்டுவதையும் கருத்திற் கொண்டால், 8 குதிரைவலு இயந்திரம் சரியாக இருக்கும்.

நீர்மேல் எழுந்து வழுக்கி ஓட வேண்டுமானால் கணக்கு முற்றிலும் மாறும். அப்போது ஒவ்வொரு குதிரைவலுவும் 20 முதல் 25 கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது. 900 கிலோவுக்கு அது 36 முதல் 45 வரை வருவதால், சந்தையில் கிடைக்கும் அளவுகளில் 40 என்று கொள்ளலாம். 25 குதிரைவலுவில் ஒன்றுக்கு 36 கிலோ விழும்; சுமை நிறைந்த படகு அரைகுறையாகவே எழும். ஆனால் காலையில் வலை உலர்ந்து, மீனும் இல்லாமல் சுமை குறைந்து புறப்படும்போது ஒன்றுக்கு விழும் எடையும் குறைவதால் அதே 25 குதிரைவலு படகை எழுப்பிவிடும். போகும்போது பறந்த படகு வரும்போது உழுதுகொண்டு வருவதன் காரணம் இதுவே. இயந்திரத்தில் பழுது தேடுவது வீண்.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் 15 குதிரைவலுவைப் பற்றித்தான் எனக்கு மனக்குறை. 900 கிலோ சுமையுடன் ஒன்றுக்கு 60 கிலோ விழுவதால் படகு எழாது. எழாத படகை எல்லைக்கு மேல் தள்ள எரிபொருள் வீணாகும். இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லீற்றர் குடிக்கும் என்று வைத்து, 12 கடல் மைல் தூரத்துக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 8 குதிரைவலு இயந்திரம் 6 குதிரைவலு அளவில் ஓடி, மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் போனால் 7 லீற்றரளவில் முடியும். 15 குதிரைவலு முழு வேகத்தில் மணிக்கு 7 கடல் மைல் ஓடினால் 13 லீற்றர் போகும். சுமை குறைந்து எழுந்து ஓடும் 25 குதிரைவலு மணிக்கு 12 கடல் மைல் போனாலும் அதே 13 லீற்றரை ஒட்டித்தான் செலவாகும், ஆனால் பயணம் ஒரு மணிநேரத்தில் முடிந்துவிடும். இவை தாளில் போட்ட கணக்குகள். கடலில் சற்று ஏறியிறங்கும். 15 குதிரைவலுவை நான் ஒதுக்கச் சொல்லவில்லை: சுமை 500 கிலோவைத் தாண்டாத, அகலம் குறைந்த படகுக்கு அது நல்ல இயந்திரம்.

மூன்றாம் படி: எந்த நீரில், எவ்வளவு தூரம்

யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழம் குறைந்தது; சாதாளை என்ற கடற்புல்லும் வலைக்கயிறும் இயந்திரத்தின் அடியில் நீரைத் தள்ளும் விசிறியில் சுற்றும், வேகமாகப் போவதற்கு இடமும் இல்லை. அங்கே 8 குதிரைவலுவுக்கு மேல் வாங்குவது கடனை வாங்குவதாகும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் வெளிக்கடலுக்குப் போகிறவர், காற்று எதிர்த்து அடிக்கும் மாதங்களில் திரும்பிவருவதை நினைத்துத் தெரிவு செய்ய வேண்டும். எதிர்காற்றில் கரை சேர முடியாத இயந்திரம் எவ்வளவு சிக்கனமானதாக இருந்தும் பயனில்லை.

எரிபொருளின் விலையையும் இங்கேயே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 ஓகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தது. மேலே கண்ட 7 லீற்றருக்கும் 13 லீற்றருக்கும் இடையிலான 6 லீற்றர் வேறுபாடு, அன்றைய விலையில் ஒரு வழிக்கே 2,040 ரூபா. விலை பிறகு மாறினாலும், இயந்திரம் பத்து ஆண்டுகள் படகில் இருக்கப் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய் இயந்திரம் வாங்குவோர் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நல்லது. அது பெற்றோலில் தொடங்கிச் சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலில் சிறிது நேரம் ஓட்டினால்தான் காபரேற்றர் சுத்தமாகி மறுநாள் இலகுவாகத் தொடங்கும். ஒரே அளவுள்ள பெற்றோல் இயந்திரத்தைவிட மண்ணெண்ணெயில் ஓடும்போது வலுவும் சற்றுக் குறையும்.

நான்காம் படி: படகு தாங்குமா

பின்பக்கப் பலகையில் தொங்கும் எடையைப் படகு தாங்க வேண்டும். 15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம் 36 முதல் 40 கிலோ வரை வரும். அதே வலுவுள்ள நான்கு ஸ்ட்ரோக் 50 கிலோவை நெருங்கும். 40 குதிரைவலுவானால் 70 கிலோவைத் தாண்டும். மேல்வரம்பைக் காண, ஐக்கிய அமெரிக்கக் கரையோரக் காவல்படை 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு வைத்திருக்கும் விதியைப் பயன்படுத்தலாம். கையால் திருப்பும், அடி தட்டையாக இல்லாத படகுக்கு, நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் பெருக்கி, விடையை 0.8 ஆல் பெருக்கி, 25 ஐக் கழிக்க வேண்டும். பின்பலகை 4.5 அடி அகலமானால், 18 ஐ 4.5 ஆல் பெருக்கினால் 81, 0.8 ஆல் பெருக்கினால் 64.8, கழித்தால் 39.8. அதை அடுத்த ஐந்தின் மடங்காக உயர்த்தினால் 40. இது தாங்கக்கூடிய எல்லை மட்டுமே. தேவையான அளவென்று எவரும் கொள்ளலாகாது.

ஐந்தாம் படி: தண்டின் நீளம்

பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை அளக்கவும். 15 அங்குலத்தை ஒட்டி வந்தால் குட்டைத் தண்டு, 20 அங்குலத்தை ஒட்டி வந்தால் நெட்டைத் தண்டு. பூட்டிய பின் விசிறிக்கு மேலிருக்கும் தட்டை தகடு படகின் அடிக்கு நேராகவோ, ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். அது மேலே நின்றால் விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். மிகக் கீழே இறங்கினால் இழுவை கூடும். குதிரைவலுவைப் பற்றி மாதக்கணக்கில் விவாதித்துவிட்டுத் தண்டின் நீளத்தை அளக்க மறந்து வாங்கியவர்கள் உண்டு.

ஆறாம் படி: வாங்கிய பிறகு சோதனை

வழக்கமான சுமையை ஏற்றி, அமைதியான நீரில் முழு வேகத்தில் ஓட்டி, சுற்றுமானியில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பாருங்கள். பல இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்களுக்கு 4,500 முதல் 5,500 வரை இருக்க வேண்டும். உங்கள் கையேட்டிலுள்ள எண்ணே முடிவானது. அதற்குக் குறைந்தால் விசிறியின் புரி, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், அதிகம்; இயந்திரம் திணறுகிறது. கூடினால் புரி குறைவு. புரியை ஓர் அங்குலம் மாற்றினால் 150 முதல் 200 சுற்று வரை மாறும். சுமைப் படகுக்குக் கடையில் தரும் விசிறி பெரும்பாலும் பொருந்துவதில்லை. இயந்திரத்தை மாற்றுவதற்கு முன் விசிறியை மாற்றிப் பாருங்கள்.

நீரை விலக்கி ஓடும் படகுக்கு விசிறி இழுக்கும் வலு சுற்றின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், சுற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். 5,000 சுற்றில் ஓட்டுகிறவர் 4,000 க்கு இறக்கி, அதே தூரத்துக்கு எத்தனை லீற்றர் குறைகிறது, எத்தனை நிமிடம் கூடுகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்தால், அடுத்த இயந்திரத்தின் அளவை அந்தக் குறிப்பிலிருந்தே சொல்லிவிடலாம்.