அப்பாவின் மீன் கடையை ஏற்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பெங்களூர் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டிலோ அல்சூரிலோ அப்பா நடத்திய மீன் கடை பிள்ளை கைக்கு வரும்போது, செவுள் பார்த்து மீன் எடுக்கும் கண் பெரும்பாலும் கூடவே வந்துவிடுகிறது. அப்பா எழுதி வைக்காமல் மனசிலேயே போட்ட கணக்குதான் வருவதில்லை. அடி விழுவது அங்கேதான்.

முதல் தவறு ஐஸில் மிச்சம் பிடிப்பது. "பெங்களூர் குளிர்தானே" என்ற நினைப்பு மீனுக்குப் பொருந்தாது. நமக்கு இதமான 24 டிகிரி, மீனுக்கு வெயில். அதற்கு வேண்டியது 0 டிகிரியை ஒட்டிய குளிர். சென்னையும் மங்களூரும் இங்கிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இரவெல்லாம் லாரியில் வந்த மீனுக்கு ஏற்கெனவே ஆயுள் குறைந்திருக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே பாதுகாப்பான அளவு.

அளவு சரியாக இருந்தும் மீன் கெடுகிறதென்றால், அடுக்கும் விதத்தைப் பாருங்கள். பெரிய கட்டிகளாகப் போட்டால் இடையில் காற்று நிற்கும், கூர்முனை மீனையும் கிழிக்கும். நன்றாக உடைத்து, அடியில் மூன்று விரல் உயரம் பரப்பி, மீன், ஐஸ் என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலேயும் மூட வேண்டும். சூட்டை இழுத்துக்கொண்டு போவது உருகி வழியும் தண்ணீர். அது வெளியேற தெர்மோகோல் பெட்டியின் அடியில் துளை இல்லையென்றால், கீழ் அடுக்கு ரத்தமும் கோழையும் கலந்த நீரில் ஊறி முதலில் நாறும். குடல் எடுத்த பெரிய மீனை வயிறு கீழே பார்க்க வையுங்கள். உள்ளே நீர் தேங்காது.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். மறுபடி ஐஸில் போட்டாலும், குழம்பில் கொதிக்க விட்டாலும் அது போகாது. நாற்றம் வராத மீனிலும் இருக்கலாம் என்பதால், சந்தேகப்பட்டதை விற்கவே கூடாது.

அடுத்தது விலை. 20 கிலோ பெட்டியை கிலோ 400 ரூபாய்க்கு எடுத்தால் 8,000. ஐஸுக்கும் இறக்குக் கூலிக்கும் 500. நீர் வடிந்ததும் கழித்ததும் 1.5 கிலோ என்றால், விற்கக் கிடைப்பது 18.5 கிலோ. அடக்க விலை கிலோவுக்கு 459 ரூபாய்க்கு மேல். 440க்கு விற்பவர் லாபம் என்று நினைத்தே கைக்காசை இழக்கிறார். ஒவ்வொரு மீனுக்கும் பத்து நாள் எடை போட்டு, உங்கள் கடையின் கழிவை எழுதி வையுங்கள்.

ஒரே கரையை நம்புவதும் ஆபத்து. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கரையிலும் ஆள் வைத்திருந்தால் மே மாதம் மங்களூர், ஜூலையில் சென்னை என்று ஓட்டலாம். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டுமே அடைப்பு. அதற்கு ஆந்திராவில் குளத்தில் வளர்க்கும் கட்லா, ரோகு மீன்களுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

காகிதங்களைத் தள்ளிப்போடாதீர்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் வைத்திருந்தவர் இறந்தால், அது வாரிசுக்கு 90 நாள் செல்லும். அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கடை மாநகராட்சியுடையது என்றால் அந்த ஒதுக்கீட்டுக்குத் தனி விண்ணப்பம். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை.

மெஸ், ஓட்டல்காரர்கள் தர வேண்டிய கடன்களை அப்பா உட்கார்ந்திருக்கும்போதே, அவர்கள் முன்னாலேயே நோட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.