விலையைக் கவனிக்காத பதிலாளர்கள்: மாதிரியைச் சரிசெய்த விதம்
விலை உள்ளிட்ட பண்புகளில் வேறுபடும் மாற்றுகளில் ஒன்றைப் பதிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் தேர்வுச் சோதனைத் தரவில், விலைக் கெழு (விலை தேர்வை எவ்வளவு பாதிக்கிறது என்று காட்டும் எண்) பூஜ்ஜியத்தை ஒட்டியே வந்தது. மற்றப் பண்புகளின் கெழுக்களை அந்தச் சிறிய எண்ணால் வகுத்தபோது, மக்கள் கொடுக்கத் தயாரான தொகை நம்ப முடியாத அளவுக்கு ஏறியது. கெழு ஆளுக்கு ஆள் மாறலாம் என்று கொள்ளும் கலப்பு லாஜிட் மாதிரியில் விலைக் கெழுவுக்கு லாக்நார்மல் பரவல் (குறி மாறாத, ஒரு பக்கம் நீண்ட பரவல்) கொடுத்தேன். அதன் நீண்ட வால் அந்தத் தொகையின் சராசரியை இன்னும் தூக்கியது. விலையைக் கவனிக்கவில்லை என்று சொன்னவர்களுக்குக் கெழுவைப் பூஜ்ஜியமாக்கினால் பொருத்தம் கெட்டது. அவர்களுக்கெனத் தனிக் கெழு மதிப்பிட்டதும் விஷயம் புரிந்தது: அது சிறியதுதான், பூஜ்ஜியம் இல்லை.

யார் எதைப் புறக்கணிக்கிறார் என்பதை அவரவர் தேர்வுகளிலிருந்தே ஊகித்து வகுப்புகளாகப் பார்க்கும் உள்ளுறை வகுப்பு மாதிரிதான் கைகொடுத்தது. ஒவ்வொரு பண்பும் கவனிக்கப்படலாம் அல்லது புறக்கணிக்கப்படலாம் என்பதால் 4 பண்புகளுக்கு 16 வகுப்புகள். புறக்கணிக்கும் பண்புக்குப் பூஜ்ஜியம், மற்றவற்றுக்குப் பொதுக் கெழு. அத்தோடு நிறுத்தினால் விலையை லேசாக மதிப்பவர்களும் புறக்கணிப்போராக எண்ணப்படுவார்கள். கவனிப்போர் கெழுவுக்கும் பரவல் கொடுத்தபின் புறக்கணிப்போர் பங்கு வெகுவாகச் சுருங்கியது. மதிப்பீட்டின் தொடக்க மதிப்புகளை மாற்றி மாற்றி மாதிரியை ஓட்டுங்கள். விலையைக் கவனிக்கும் வகுப்புகளில் மட்டும் கொடுக்கத் தயாரான தொகையைக் கணக்கிடுங்கள்.